சில்லறைப் பாக்கி

திருப்பூரில் காஜா பட்டன் போடுகிறவனுடைய வேலை, மற்றவர்களுடைய வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நூல் வந்து, நிட்டிங் ஓடி, சாயம் ஏறி, காம்பாக்டிங் முடிந்து, கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்து, ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும் தங்கள் பங்கைச் செய்து, ஏறக்குறைய சட்டை என்று சொல்லும்படியான ஓர் உருவம் அமைந்த பிற்பாடு, பட்டியில் மூன்று துளை வெட்டி மூன்று பட்டன் தைப்பதற்காக அது எங்களிடம் வந்து சேருகிறது. முன்னால் இருந்தவர்கள் அனைவரும் சேர்ந்து செய்த தாமதத்தை ஒரே இரவில் ஈடுகட்டும் பொறுப்பும் அந்த மூட்டையோடு கூடவே வந்து இறங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் வரும் சரக்கு விடிவதற்குள் செக்கிங் மேஜைக்குப் போயாக வேண்டும். கொடுப்பவனுக்கும் எண்ண நேரமில்லை, வாங்குபவனுக்கும் எண்ண நேரமில்லை. என் சீட்டில் 1,240 பீஸ் என்றிருப்பது அவர்கள் சீட்டில் 1,212 ஆகிவிடும். கத்தி சரியாக விழாமல் இரண்டு துணி கிழிந்திருந்தால் அதற்கு ஒரு கழிவு. பாக்கி என்ற சமாசாரம் இந்த அவசரத்தில்தான் ஜனிக்கிறது.

ஆனால் எண்ணிக்கையில் தகராறு இல்லாத பில்லிலும் அது ஜனிக்காமல் இருப்பதில்லை. பீஸுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி 3,560 பீஸ் முடித்துக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக 5,340 ரூபாய். இரண்டு மாதம் சென்று கம்பெனிக் கணக்கர் 5,000 ரூபாயை அனுப்பிவிட்டு, "சில்லறைய அடுத்த பில்லுல பாத்துக்கலாமுங்ணா" என்பார். அடுத்த பில்லில் அதைப் பார்ப்பது கிடையாது. அடுத்த பில்லுக்கென்று தனியாக ஒரு சில்லறை காத்திருக்கும். தொழிலில் இதற்குச் சில்லறை என்றுதான் பெயர். நான் மாத்திரம் என் நோட்டில் 'வால்' என்று எழுதி வருகிறேன். வெட்டப்படுவதற்கென்றே ஒவ்வொரு பில்லுக்கும் ஒன்று முளைக்கிறபடியால்.

முந்நூற்று நாற்பது ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்பவர்கள் எங்கள் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஷிப்ட் சம்பளம், தையல் நூல், கரண்ட், கட்டட வாடகை, ஒடிகிற ஊசி எல்லாம் போக நூற்றுக்குப் பத்து மிஞ்சினால் அதை நல்ல மாதம் என்போம். 5,340 ரூபாய்க்கு அது 534 ரூபாய். அதிலே 340 போனால் எனக்கு நிற்பது 194. கணக்கர் தள்ளியது அவர் பார்வையில் ஒரு துணுக்கு. என் பார்வையில் அந்த இரவு கண் விழித்ததன் பலனில் பாதிக்கு மேல். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜி.எஸ்.டி. என்பது பணம் வந்த பிறகு கட்டுவதல்ல, பில் போட்டதற்காகக் கட்டுவது; ஆகவே 340 ரூபாய் என் கைக்கு வராமலே போனாலும் அதற்கான ஐந்து சதவிகித வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நான் சர்க்காருக்குச் செலுத்தியிருப்பேன்.

இருந்தபோதிலும் இப்படிப்பட்ட அற்பத் தொகைகளைத் தொடர்ந்து போய்க் கேட்பது தொழிலில் ஒரு கௌரவக் குறைவாகவே எண்ணப்பட்டு வருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அதில் உண்மையில்லாமல் இல்லை. பி.என். ரோட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு காங்கேயம் சாலைக் கம்பெனி ஒன்றுக்குப் போய், வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டு, வரவேற்பு அறையில் அரை நாள் உட்கார்ந்து, "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்ற பதிலைப் பெற்றுத் திரும்பினால், பெட்ரோலும் போயிற்று, நான் இல்லாத நேரத்தில் நின்றுபோன மிஷினின் வேலையும் போயிற்று. ஆனால் நஷ்டக் கணக்கு வேறு, கௌரவக் கணக்கு வேறு. கேட்பது கட்டுபடியாகுமா என்பதை ஒருவன் தன் நோட்டைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். கேட்பதே இழிவு என்ற அபிப்பிராயத்தைத்தான் என்னால் அங்கீகரிக்க முடியவில்லை.

அந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கடனைப் பற்றிய நம்முடைய தர்மபோதனைகள் யாவும் கொடுத்தவன் செல்வன், வாங்கியவன் ஏழை என்ற ஒரே சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்பட்டவை என்று தோன்றுகிறது. அந்தச் சித்திரத்தை நானே நேரில் பார்த்ததுண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நான் கைமடிக்கும் பையன். என் தகப்பனார் டெய்லர். வீட்டில் இரண்டு சம்பளமும் நின்றுபோன அந்த நான்கு மாதமும் எங்கள் வீதி மளிகைக்காரர் அரிசியையும் பருப்பையும் நோட்டில் எழுதிக்கொண்டே கொடுத்தார். வேலை தொடங்கி முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வரும்போது அவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, இந்த வாரத்துக்கு அஞ்சு ரூவா வரவு வெச்சுக்கட்டுங்களா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார், அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டார். கேட்கத் தவறியதே இல்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. கடன் தீர ஒன்றரை வருஷமாயிற்று. அவர் தாட்சண்யத்தால் கேட்காமல் இருந்திருப்பாரேயானால், நாங்கள் வெட்கத்தால் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டு, கையில் இருந்த ரொக்கத்தைக் கொண்டுபோய் வேறொரு கடையில் சாமான் வாங்க ஆரம்பித்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடன்காரனுடைய மானத்தைக் காப்பாற்றியது அவர் கேட்ட அந்த ஐந்து ரூபாய்தான்.

பிற்காலத்தில் நானே நாலு மிஷின் போட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகம் திறந்தபோது, சித்திரம் தலைகீழாக இருக்கக் கண்டேன். என்னிடம் வால் வைத்தவர்கள் ஏழைகள் அல்லர். பத்துப் பவர் டேபிளைப் போட்டுக்கொண்டு கூலிக்குத் தைக்கிறவர்களும், காதர்பேட்டை வியாபாரத்தை நம்பி உள்நாட்டுச் சரக்குப் போடுகிறவர்களும் பெரும்பாலும் ரூபாய் சுத்தமாகக் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். நாளைக்கு மறுபடியும் இதே வாசலுக்கு வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வால் வெட்டுவது உயர்ந்த கேட்டும் உள்ளே புல்வெளியும் உடைய இடங்களில்தான். அயல்நாட்டு வியாபாரி அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணை கேட்கிறான். அந்தத் தவணை எக்ஸ்போர்ட்டரிடமிருந்து தையல் கூலிக்காரருக்கும், அவரிடமிருந்து எனக்குமாகப் படிப்படியாக இறங்கி வருகிறது. கடைசிப் படியில் இருக்கிற என் ஆபரேட்டருக்கோ சனிக்கிழமை சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமை கொடுக்க முடியாது. ஆக, நாலு மிஷின்காரன் நானூறு மிஷின்காரருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதே இதன் தாத்பரியம். இந்த ஸ்திதியில், கேட்காமல் விடுவதைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்வது?

கேட்டதனால் பட்ட அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில் வால்கள் சேர்ந்து 2,870 ரூபாய் ஆகிவிட்டது. கணக்கரிடம் நாலு முறை கேட்டுப் பயனில்லாமல் ஒரு நாள் நேரே முதலாளியின் அறைக்கே போய்விட்டேன். அவர் எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்று உபசரித்து, நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கெதுக்குங்க இத்தன நாளு?" என்று வருத்தப்பட்டு, கேஷியரை அழைத்து என் கண் முன்பாகவே எண்ணிக் கொடுக்கச் செய்தார். மனம் நிறைந்துதான் வெளியே வந்தேன். மறுநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் போன் செய்தார்: "ஏனுங்ணா, இத்துனூண்டு காசுக்கு மொதலாளிகிட்டப் போயிட்டீங்களே?" அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டைகூட வரவில்லை. முதலாளிக்கு என்மேல் எள்ளளவும் மனஸ்தாபம் கிடையாது. ஆனால் மூட்டையை எந்த ஆட்டோவில் எந்தப் பட்டறைக்கு அனுப்புவது என்பதை நிர்ணயிப்பவர் முதலாளி அல்லவே. பாக்கியைக் கேட்கக்கூடாது என்ற பாடத்தை நான் இதிலிருந்து படிக்கவில்லை. வெட்டியவரிடமே கேட்கவேண்டும், வெட்டிய வாரத்திலேயே கேட்கவேண்டும், அவருடைய மேலதிகாரியின் முன்னிலையில் கேட்கக்கூடாது என்று படித்தேன். நாற்பது ரூபாயாக இருக்கும்போது ஞாபகமூட்டலாக இருப்பது 2,870 ஆனபின் குற்றச்சாட்டாகிவிடுகிறது.

சட்டத்தைக் காட்டலாமே என்று ஆடிட்டர் ஒருவர் சொல்லி, சில விஷயங்களை விளக்கவும் செய்தார். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளின்மேல் உழைப்பையும் திறமையையும் செலவிட்டவன் அதற்குரிய கூலி வரும்வரையில் அந்தப் பொருளைத் தன் வசம் நிறுத்திவைத்துக்கொள்ளலாமாம். கேட்டவுடன் எனக்கு உற்சாகம் பிறந்தது. ஆனால் அதே பிரிவுக்குச் சட்டமே கொடுத்திருக்கும் உதாரணம் என்ன தெரியுமா? ஒரு தையற்காரன் கோட்டுத் தைத்து, முடிந்தவுடன் கொடுத்துவிடுவதாகவும் கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தால், அவன் அந்தக் கோட்டை நிறுத்திவைக்க முடியாது! திருப்பூர் உள்நாட்டுப் பனியன் வியாபாரமாக இருந்த காலத்துக்கும் வெகு முன்பே எங்களைப் பற்றி யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். போன மாதத்துப் பாக்கிக்காக இந்த மாதத்து மூட்டையைப் பிடித்துவைக்கவும் வழியில்லை. பழைய கணக்குக்காகப் பொருளை நிறுத்தும் உரிமையை 171ஆவது பிரிவு பாங்குக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் இன்னும் சிலருக்கும்தான் தந்திருக்கிறது, காஜாக்காரனுக்கு அல்ல. தவிரவும், இன்றிரவு கன்டெய்னர் ஏறவேண்டிய சரக்கைப் பிடித்துவைத்து அது விமானத்தில் போகும்படி செய்தவனை இந்த ஊரில் யார் மறப்பார்கள்?

2006ஆம் வருஷத்துக் குறு சிறு தொழில் சட்டம் இன்னும் கடுமையானது: எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை கூடாது, தவறினால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதாமாதம் கூட்டிப் போடலாம். 2024 ஏப்ரல் முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கும் வருஷம் வரையில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்துவிட்டது, அதன் புண்ணியத்தில் மார்ச் மாதம் சில கணக்கர்கள் தாமாகவே போன் செய்து, "பாக்கி எவ்வளவுங்ணா?" என்று கேட்கக் கேட்டு ஆச்சரியப்பட்டேன். ஆனால் அவர்கள் கேட்பது முழுப் பில் பாக்கியைத்தான். வால் அவர்கள் புத்தகத்திலேயே இருக்காது; 'ரவுண்ட் ஆஃப்' என்றோ 'டிஸ்கவுண்ட்' என்றோ ஒரு வரி எழுதி என்றைக்கோ நேர் செய்திருப்பார்கள். இல்லாத பாக்கியின்மேல் எந்தச் சட்டம் பாயும்?

கேட்காமலே விட்ட பாக்கிகளும் உண்டு. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, துணி வராமல் எத்தனையோ சிறு கம்பெனிகள் ஓய்ந்துபோயின. மூன்று மாதம் கழித்து அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். போர்டைக் கழற்றியிருந்தார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தரையில் ஓவர்லாக் கழிவு நூல் மாத்திரம் கிடந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அந்த வருஷம் ஏழு பக்கங்களுக்குக் கோடு விழுந்தது. அவர்களைத் தேடிச் சொந்த ஊர்களுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. போயிருந்தால் அதைத்தான் இழிவு என்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை விட்டால் நியாயமாகாது. சென்ற வருஷம் ஊசியும் உதிரிப் பாகங்களும் வாங்குகிற கடையில் 1,530 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். 1,500 ரூபாயை நீட்டிவிட்டு, "சில்லறைய அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தேன். கடைப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வே மேம்பாலம் ஏறும்போதுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று எனக்கு உறைத்தது. எத்தனை வருஷமாக அப்படிச் செய்துவருகிறேனோ, அந்தப் பையனுக்குத்தான் தெரியும். திரும்பிப் போய்க் கொடுத்தபோது அவன் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கல்லாவைத் திறந்து போட்டுக்கொண்டான்.

இப்போது ஒவ்வொரு பில்லின் அடியிலும் 'முன் பாக்கி' என்று ஒரு வரியை அச்சடித்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் தேதி கணக்கருக்கு வாட்ஸ்அப்பில் தொகையை மட்டும் அனுப்புகிறேன். வேறு வார்த்தை எழுதுவதில்லை. மூன்று மாதம் அனுப்பியும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்தக் கம்பெனிக்கு அடுத்த முறை கூலி பேசும்போது பீஸுக்குப் பத்துப் பைசா கூட்டிச் சொல்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் வேறு இடம் பார்க்கிறார்கள்.

கம்பெனிகளில் கணக்கு எழுதுகிற தம்பி தங்கைகளிடம் ஒரு விண்ணப்பம். 5,340 ரூபாய்க்குப் பில் வந்தால் 5,340 என்றே அடித்து அனுப்புங்கள். 5,000 என்று அடித்தாலும் நான்கு எண்களைத்தான் தட்டவேண்டும்.