பூத்தையலும் பொம்மையும்: புதுவையில் ஒரு நடை

புதுச்சேரி இரயில் நிலையத்தைவிட்டு வெளியே வருவோரின் கண்ணில் முதலில் படுவது திரு இருதய ஆண்டவர் பேராலயம். 1907-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்று, 2011-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் 28 புனிதர்கள் நிற்கின்றனர். அவ்வொளி தரையில் விழும் காலை வேளையில், இரயிலைப் பிடிக்க ஓடுபவரும் சற்றே நின்றுவிடுவார்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ரோமன் ரோலண்ட் வீதி வரும். அவ்வீதியின் பழைய பிரெஞ்சு மாளிகையொன்றில், அன்னை ஆன் மரி ஜாவுவே 1807-இல் தோற்றுவித்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பூத்தையல் கூடமொன்றை நடத்தி வருகின்றனர். அதன் தொடக்கம் 1829 என்பர். ஆதரவற்ற பெண்கள் அங்கே மேசைவிரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் பூவும் கொடியும் தைக்கின்றனர். பிழைப்புக்கு ஒரு தொழில் என்பதே நோக்கம். ஆயினும் ஊசி ஏறி இறங்கும் ஒழுங்கில் கை ஒரே சீராய் இயங்க, மூச்சும் தானே சீர்ப்படுகிறது. நம் பாட்டிமார் இதனைப் புத்தகம் படித்தா அறிந்தனர்? மனம் சரியில்லாத நாளில் அவர்கள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தனர்.

மேனாட்டார் இதற்குக் 'கலைவழிச் சிகிச்சை' என்று பெயர் சூட்டியது 1942-இல்தான். காசநோயால் மருத்துவமனையில் படுத்திருந்த ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர், தாம் வரைந்து வரைந்து தேறியதைக் கண்டு மற்ற நோயாளிகளையும் வரையச் செய்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் கிரிஜா கைமால் என்பார் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, காகிதத் துண்டுகள் கொண்டு விரும்பியதைச் செய்யச் சொல்லி, உமிழ்நீரில் 'கார்ட்டிசால்' என்னும் மனஅழுத்தச் சுரப்பை அளந்தார். 2016-இல் வெளியான முடிவின்படி முக்கால் பங்கினருக்கு அது குறைந்தது. கைத்திறன் உள்ளவர், இல்லாதவர் என்ற வேற்றுமை தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், சிலருக்குச் சுரப்பு கூடியதும் உண்டு. எனவே இதைச் சஞ்சீவி என்று கொள்ள வேண்டா.

இனிக் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பிரெஞ்சுக்காரர் கட்டிய கற்சுவர் பழைய நகரைக் காத்துவிட்டது. சுவர் இல்லாத மீனவக் குப்பங்களோ சிதைந்தன. படகும் வலையும் போனது ஒருபுறமிருக்க, சோறு போட்ட கடலையே கண்டு அஞ்சும் நிலை பலருக்கு வந்தது. இரவில் அலையோசை கேட்டு உறக்கம் கலைந்து எழுந்த தாய்மாரிடம், "நடந்ததைச் சொல்லுங்கள் அம்மா" என்றால் சொல் எங்கிருந்து வரும்?

அந்நாளில் அருகேயுள்ள ஆரோவில்லின் 'உபாசனா' ஆடை வடிவமைப்பு நிலையத்தார், உமா பிரஜாபதி அவர்களின் முயற்சியால், குப்பத்துப் பெண்களை ஒன்றுகூட்டி ஆறுதல் அளித்ததோடு வெட்டி எறியும் துணித்துண்டுகளைக் கொண்டு விரலளவுப் பொம்மை செய்யவும் கற்பித்தனர். அதன் பெயர் 'சுனாமிகா'. வட்ட முகம், இரண்டு கண், ஒரு சிரிப்பு, அவ்வளவே. வலையை மட்டுமே பின்னிப் பழகிய விரல்கள் அச்சிறு முகத்தில் கண்ணைத் தைக்கும்போது, மனம் அலையைவிட்டு ஊசிமுனைக்கு வந்தாக வேண்டும். சுற்றிலும் அதே துயரைப் பட்ட பெண்கள். பேச விரும்பினால் பேசலாம், விரும்பாவிடில் தைக்கலாம். இதில் நான் பெரிதாக மதிப்பது இந்த உரிமையைத்தான்.

இன்னொன்று: அப்பொம்மை விற்கப்படுவதில்லை. அன்பளிப்பாகவே தரப்படுகிறது; பெண்களின் கூலி, பெறுவோர் மனமுவந்து அளிக்கும் நன்கொடையிலிருந்து வந்தது. நிவாரணத்திற்குக் கையேந்தி வரிசையில் நின்றவர்கள், உலகின் பல நாடுகளுக்குப் பரிசு அனுப்புவோர் ஆயினர்.

ஒன்றை மட்டும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை இரவெல்லாம் உறங்காது நடுங்கினால், வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்க. வண்ணப்பெட்டியும் உடன் இருக்கட்டும். அவன் வரைந்ததற்கு மதிப்பெண் மட்டும் போட வேண்டா.

புதுவைக்குச் செல்வோர் பூத்தையல் கூடத்தில் சற்று நேரம் நிற்கலாம். வாங்கும் விரிப்பின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுகள் அங்கேதான் இருக்கும்.