என்ஜின் இல்லாமல் ஆகாயத்தில்!

நம்ம திருவண்ணாமலையில் மத்தியான வெயிலில் மலைக்கு மேலே பருந்து சிறகடிக்காமல் வட்டமடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி என்று எனக்குப் புரிந்தது புனே ஹடப்சர் கிளைடிங் சென்டரில்தான்.

லீவுக்குப் போயிருந்த என்னை, "ஏறிப் பாக்கிறியாடா மாப்ளே?" என்றார் மாமா. மெக்கானிக்கல் மாணவன் பயம் என்று எப்படிச் சொல்வது? முன் சீட்டில் நான், பின்னால் இன்ஸ்ட்ரக்டர். தூரத்தில் வின்ச் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்ததும் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. 1896-ல் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் கிளைடரோடு விழுந்து இறந்தது அப்போதுதானா ஞாபகம் வரணும்!

'டக்'. கம்பி கழன்றது. அப்புறம் காற்றின் சத்தம் மட்டும். கண்ணாடியில் ஒட்டிய கம்பளி நூல் நேராக இருந்தால் நேராகப் பறக்கிறோமாம். இத்தனை மீட்டர் இருந்தும் ஒரு நூல்!

பக்கத்தில் ஒரு பருந்து சுற்றியது. இன்ஸ்ட்ரக்டர் அங்கேயே திருப்பினார். சூடான தரையிலிருந்து எழும் காற்று எங்களையும் தூக்க, ஆல்டிமீட்டர் முள் ஏறியது. பயம் எங்கே போச்சோ!

இறங்கும்போது திரும்பி வந்தது. என்ஜின் இல்லை, தவறினால் மறுபடி மேலே போக முடியாது. நம்மைப் போல அரியர் எழுத வழியில்லை. சக்கரம் புல்லைத் தொட்டபோதுதான் மூச்சு விட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலரை எங்க வீட்டுப் பக்கம் கொண்டு வராதீங்க!