கீழேயிருந்து ஏறும் குளிர்



ரெண்டு வாரமாகப் பதிவு எதுவும் காணோமே, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறேன். கனடாவில், கால்கரியில், மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு வேலையில் இறங்கிவிட்டோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை போன வருஷம் ஒரு பழைய கேம்ப்பர் ட்ரெய்லர் வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே உண்டு. கோடைக்கு அது போதும். ஆனால் இவர்களுக்கு அக்டோபரிலும் ராக்கி மலைப் பக்கம் போய்த் தங்க ஆசை. மாத ஆரம்பத்தில் என்னையும் கூட்டிப் போனார்கள். ராத்திரி வெளியே மைனஸ் 6 டிகிரி. உள்ளே கேஸ் ஹீட்டர் ஓடுகிறது, முகத்தில் சூடு அடிக்கிறது. காலோ ரெண்டு சாக்ஸ் போட்டும் விறைத்துப் போகிறது. ஆறு வயதுப் பேத்தி காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாயி, கீழேயிருந்து குளிர் ஏறுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை, "அத்தை, தரைக்கு அடியில இன்சுலேஷன் போட்டுடலாம். நீங்க அளவு போட்டுக் கொடுங்க" என்றார். விடுவேனா!

வீட்டுத் தரைக்குக் கீழே மண் இருக்கிறது. அது சீக்கிரம் குளிர்ந்துவிடாது. ட்ரெய்லரின் தரை அந்தரத்தில் நிற்கிறது. கீழே காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது, போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. உள்ளே சூடான காற்று கூரைக்கு ஏறிவிடும். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் தலைதான் சுடும். இந்த வண்டியில் தரை என்பது ஒரு ப்ளைவுட், அதன்மேல் ஒரு வினைல் விரிப்பு. அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பு நிற நுரைப்பலகை வாங்கினோம். 8 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம். கண்ணாடி நார்ப் பஞ்சு விலை குறைவுதான். ஆனால் வண்டிக்கு அடியில் தண்ணீர் தெறித்தால் நனைந்து தொங்கிவிடும். இந்த நுரை தண்ணீரை உறிஞ்சாது. தரை 16 அடிக்கு 7 அடி, அதாவது 112 சதுர அடி. ஒரு பலகை 16 சதுர அடி. எத்தனை பலகை வேண்டும்? நாலாம் வகுப்புக் கணக்கு, பேத்தியே 7 என்று சொல்லிவிட்டாள். சேதாரத்துக்கு ரெண்டு சேர்த்து 9 வாங்கினோம்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் நாலு மூலையிலும் இரும்புத் தாங்கி வைத்த பிறகுதான் மாப்பிள்ளையை அடியில் போகவிட்டேன். முதலில் ப்ளைவுட் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஈரத்தோடு மூடினால் மரம் உளுத்துவிடும். நான் வெளியே நாற்காலி போட்டு, அவர் சொல்லச் சொல்ல அளந்து, ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்துக் கொடுத்தேன். அவர் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே பலகையை இறுக்கிப் பொருத்தினார். நுரைக்கென்று விற்கும் பசைதான் போட வேண்டும், சில பசைகள் பலகையையே கரைத்துவிடும். இடுக்குகளில் டப்பாவில் வரும் நுரையைப் பீய்ச்சினோம். விரல் நுழையும் இடுக்கு விட்டாலும் காற்று அதைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் வால்வு, கேஸ் குழாய், ஹீட்டர் புகை வெளியேறும் இடம் எதையும் மூடவில்லை. கடைசியாக அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்துத் திருகாணி போட்டோம். இங்கே தேர்தல் நேரத்தில் வீட்டு வாசலில் நட்டு வைக்கும் விளம்பரப் பலகை இருக்கிறதே, அதே தகடுதான். மூணு சனி, ஞாயிறு பிடித்தது.

வேலைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி குளிரான ராத்திரியில், ஹீட்டரை ஒரே அளவில் வைத்துச் சோதித்தோம். முன்பு நெஞ்சு உயரத்தில் 19 டிகிரி இருந்தபோது தரையில் 8. இப்போது தரையில் 14. பேத்தி சாக்ஸைக் கழற்றிவிட்டு நடக்கிறாள்.

இனி அந்தப் பழைய கதை.

1991, கோத்தகிரிப் பக்கம் என் பள்ளி. மூணாம் வகுப்பு. பெஞ்சு கிடையாது, சிமெண்டுத் தரைதான். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பையன் தினமும் ஒரு தேயிலைச் சாக்கு கொண்டு வந்து, நாலாக மடித்து, அதன்மேல்தான் உட்காருவான். டிசம்பர் மாதம், ஏ.இ.ஓ. விசிட். வகுப்பு அழகாக இருக்க வேண்டும் என்று சாக்கைப் பிடுங்கி வராந்தாவில் போட்டேன். அவன் மெதுவாக, "டீச்சர், கீழேயிருந்து குளிர் ஏறுது" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிர் எங்கேடா ஏறும்? குளிர்னு ஒரு பொருளே கிடையாது. உன் உடம்புச் சூடுதான் தரைக்கு இறங்குது. பாடத்தைக் கவனி" என்றேன். வகுப்பே சிரித்தது. ஏ.இ.ஓ.வும் சிரித்து, "விளக்கம் நல்லாயிருக்கு டீச்சர்" என்றார். எனக்குப் பெருமை. சாயங்காலம் மழையில் சாக்கு ஊறிக் கிடந்தது. அவன் அதைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனான். நாலு நாள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். திரும்பி வந்தபோது சாக்கு இல்லை, நானும் கேட்கவில்லை.

நான் சொன்ன விதி சரிதான். ஆனால் இறங்குகிற சூட்டைத் தடுக்கிற பொருளை அவன் கையோடு கொண்டு வந்திருந்தான். நுரைக்குள் குமிழி குமிழியாக வாயு அடைபட்டிருப்பது போல, சாக்கின் சணல் இழைகளுக்குள் காற்று அடைபட்டிருக்கும். நாலாக மடித்தால் இன்னும் நல்லது. எட்டு வயதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது. 'வெப்பம் கடத்தாப் பொருள்கள்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவளுக்கு எதிரே இருந்தது கண்ணில் படவில்லை. அப்போது நான் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா!

பேரை இங்கே எழுதவில்லை, அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்த வருஷம் கூடப் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். நேரில் போய், "சாக்கு சரிதான்பா, டீச்சர்தான் தப்பு" என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்