மூன்றாவது பிப்ரவரி

எங்கள் வீட்டுக்குப் பக்கம் சானடோரியம் ஸ்டேஷன்தான். ஆனாலும் 2018 முழுக்க நான் தாம்பரம் போய்த்தான் ரயில் ஏறினேன். அங்கிருந்தே கிளம்பும் பீச் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். வேலை கிண்டி தொழிற்பேட்டையில். போய்ச் சேர அரை மணி நேரம். மடியில் ஒரு நோட்டு இருக்கும். எம்.டெக் சேர்வதற்கான கேட் தேர்வுக்கு நான் உருப்படியாகப் படித்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

முதலில் எழுதியது 2017-ல், கல்லூரிக் கடைசி வருடம், சிவில். நூற்றுக்கு 22.67. தகுதிக் கோட்டைத் தொடவில்லை. அடுத்த வருடம் வார இறுதிக் கோச்சிங், மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள். 31.67. கோட்டைத் தாண்டினேன், நினைத்த இடம் எதுவும் கிடைக்கவில்லை. எதிர்வீட்டு மாமி வாசலில் நிறுத்திக் கேட்டார்: "இன்னுமாம்மா எழுதறே?" அக்கறையோடுதான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றிரவுதான் என் விடைப் பதிவைத் திறந்தேன். தேர்வு முடிந்ததும் நாம் எந்தக் கேள்விக்கு எதைத் தேர்ந்தோம் என்பதைக் காட்டிவிடுகிறார்கள். வினாத்தாளும் சரியான விடைகளும்கூட வெளியாகின்றன. முதல் வருடமும் கொடுத்தார்கள். தோல்வியைத் திரும்பிப் பார்க்க மனசு வராமல் மூடி வைத்திருந்தேன். இப்போது வரிவரியாகக் கூட்டினேன். சரியான விடைகளுக்கு நான் வாங்கியது 44. ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும், இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கணக்கில் 12.33 கழிந்திருந்தது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. எண்ணைக் கணக்கிட்டு நாமே இடுகிற கேள்விகளையோ நேரமில்லாமல் பாதி காலியாக விட்டிருந்தேன். அவற்றில் தவறினால் கால் மதிப்பெண்கூடக் கழிக்க மாட்டார்கள்!

இரண்டு வருடமும் பாடம் கூடியதே தவிர, எழுதும் விதம் மாறவேயில்லை.

நோட்டு அப்படித்தான் பிறந்தது. தெரியாமல் போனது, தெரிந்தும் தவறியது, குத்துமதிப்பாகப் போட்டது என்று பக்கத்துக்கு மூன்று பத்தி. நடுப்பத்திதான் வேகமாக நிறைந்தது. கேன்டிலீவர் உத்தரத்தின் முனை எவ்வளவு வளையும் என்று ஒரு கணக்கு. சூத்திரம் சரி, பெருக்கல் சரி. மில்லிமீட்டரில் கேட்டிருந்தார்கள், நான் மீட்டரில் போட்டிருந்தேன். அதைச் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி நெருக்கும்போதும் அந்தச் சிவப்பு வரி கண்ணில் படும். பல்லாவரம் தாண்டுவதற்குள் ஒரு பக்கம் முடியும்.

இன்னொன்று. தேர்வறைக்குள் நம் கால்குலேட்டரைக் கொண்டுபோக முடியாது. திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும். இரண்டு வருடமும் வீட்டில் கையடக்கக் கருவியில் பழகிவிட்டு அங்கே போய்த் தடுமாறியிருக்கிறேன். மூன்றாம் வருடம் முழுக்க மடிக்கணினியில், மவுஸோடுதான் கணக்குப் போட்டேன்.

பயம் குறைய ஒரு விதியும் உதவியது. கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மறுபடி எழுதிச் சறுக்கினாலும் பழைய ஸ்கோர் கையில் இருக்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ போறதுக்கு என்ன இருக்கு, எழுதும்மா" என்றார்.

2019 தேர்வை நடத்தியது ஐ.ஐ.டி. மெட்ராஸ். அந்த பிப்ரவரியில் பதினோரு கேள்விகளைத் தெரிந்தே விட்டுவிட்டு வந்தேன். கை பரபரத்தது, தொடவில்லை. கழிந்தது வெறும் 2.67. கிடைத்தது 55.33. திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக் சேர்ந்தேன், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு.

இந்த வருடம் எழுதி மனம் ஒடிந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் உங்கள் விடைப் பதிவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எங்கே எவ்வளவு கழிந்தது என்று கூட்டிப் பாருங்கள்.