ஆந்தைகள் குடியிருக்கும் பட்டணம்

ஆந்தை என்றாலே முகத்தைச் சுளிப்பவர்கள் நம்மில் அநேகர். பாழ் மண்டபமும் நள்ளிரவுமே அதற்கு உரியவை என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆனால் பட்டப் பகலில், வீட்டு வாசலில், பசும்புல்லின் நடுவே ஓர் ஆந்தை நின்றுகொண்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்தின் தென்மேற்குக் கரையிலுள்ள கேப் கோரல் என்னும் பட்டணத்தில் இந்த வேடிக்கையை நாம் கண்டோம்.

அங்கே காலி மனைகள் பலவற்றில் வெள்ளைக் குழாய்களை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நடுவில் மண்ணுக்குள் செல்லும் ஒரு வளை. அருகே குறுக்குக் கட்டை பொருத்திய சிறு முளை. அதன்மேல் மஞ்சள் விழியும் நெட்டைக் கால்களுமாக, ஒரு சாண் உயரமுள்ள பட்சி காவல் நிற்கிறது. அதுதான் தகப்பன். தாய் வளைக்குள்ளே அடைகாக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் இவ்வினத்து ஆந்தைகள் பிற பிராணிகள் தோண்டிய வளைகளில் குடியேறுகின்றன. ப்ளோரிடாவிலோ பெரும்பாலும் தாமே தோண்டிக்கொள்கின்றன. வாசலில் சாணத்தைக் கொணர்ந்து பரப்பி, அதை நாடி வரும் வண்டுகளைப் பிடித்துத் தின்பது இவற்றின் சாமர்த்தியம். அபாயம் நெருங்கினால் குஞ்சுகள் பாம்பைப்போல் சீறி ஓசையிடும்!

இவை இங்கே பெருகியதற்கு மனிதனே காரணம். 1957-ஆம் ஆண்டில் ரோஸன் சகோதரர்கள் இருவர் இந்நிலத்தை வாங்கினார்கள். காட்டையும் சதுப்பையும் திருத்தி, 400 மைலுக்கு மேற்பட்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. நிலம் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டது. வாங்கியவர்களில் பலர் நெடுங்காலம் வீடு கட்டவில்லை. மரமடர்த்தியின்றி, புல் கட்டையாக வெட்டப்பட்ட வெட்டவெளி ஆந்தைக்கு மிகவும் பிடித்தமானது. ஆகவே, மனிதன் தனக்கென்று திருத்திய இடத்தில் அது முந்திக்கொண்டு கிருகப்பிரவேசம் செய்துவிட்டது.

இப்போது மனைக்கு உடையவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பட்டணத்து ஜனத்தொகை ஏறக்குறைய 1,94,000. காலி மனைகளில் வீடுகள் எழும்ப எழும்ப, வளைகளுக்கு இடம் குறைகிறது. மாகாண அரசாங்கம் 2017-இல் இவ்வாந்தையை அழியும் அபாயத்திலுள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. உத்தரவின்றி இவற்றின் வளையைத் தூர்ப்பது குற்றமாகும். ஆயினும் வீடு கட்டுவோர் முறைப்படி உத்தரவு பெற்று வளையை மூட இடமிருக்கிறது. சட்டத்தின் பாதுகாப்புக்கு எல்லை அவ்வளவுதான்.

எஞ்சிய பொறுப்பை ஊரார் ஏற்றிருக்கிறார்கள். தொண்டர்கள் வளைகளைச் சுற்றிப் புல் வளரவொட்டாமல் வெட்டி, முளைகளையும் கயிறுகளையும் செப்பனிடுகிறார்கள். நகரத்தின் சின்னப் பட்சியாகவே ஆந்தையைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதற்கு விழாவும் எடுக்கிறார்கள். இவை யாவற்றினும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. வீட்டுக்காரர்கள் சிலர் தங்கள் முற்றத்துப் புல்தரையில் சிறிது பெயர்த்தெடுத்து, ஒரு குழியைத் தொடங்கி வைக்கிறார்கள். மிச்சத்தை ஆந்தை தோண்டி முடித்துக்கொள்ளும். இதற்கு வேண்டியது முழக்கணக்கில் கொஞ்சம் இடம். அழகான புல்தரையில் ஒரு மண்மேடு கிடப்பதைப் பொறுக்கும் மனம். காலி மனைகள் யாவும் நிரம்பும் நாளில், அந்த மனமுள்ள வீடுகளை நம்பியே ஆந்தைகள் அங்கு வாழ வேண்டியிருக்கும்.