பூட்டிய பீரோவும் ஒரு மனுவும்

மயிலாப்பூர் டீச்சருக்கு இப்போது 64 வயது. அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி சில வருடங்கள் நூலகப் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. பொறுப்பு என்றால் இரண்டு ஸ்டீல் பீரோ, ஒரு சாவி, ஒரு இருப்புப் பதிவேடு.

புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பீரோ பெரும்பாலும் பூட்டியே இருக்கும். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கண்ணாடி வழியாக ஒரு நீல அட்டைப் புத்தகத்தைக் காட்டி, "மிஸ், அதைத் தர்றீங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு வாம்மா" என்றார். மறுநாள் லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்குப் போக வேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாள் விடைத்தாள் திருத்தம். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. சிறுமியும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த உறுத்தல்தான் அவரை ஒரு பக்க மனுவோடு எம்.எல்.ஏ. அலுவலகப் படியேற வைத்தது.

"புத்தகம்தானே மேடம்? தொகுதி நிதியில ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார் உதவியாளர்.

"புத்தகம் இருக்கு தம்பி. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை."

சிக்கலே அங்கேதான். தொகுதி நிதியில் கட்டடம் கட்டலாம், பீரோ வாங்கலாம். மாதச் சம்பளம் போட முடியாது. அதற்குப் பணியிடம் உருவாக்கி அரசாணை வர வேண்டும். பட்ஜெட்டில் பணமும் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள் என்பதுதான் மனு.

2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், பத்திரிகை, கதைப் புத்தகங்களோடு நூலகம் வேண்டும் என்கிறது. நூலகர் வேண்டும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. இதே சென்னையில் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளுக்கு நூலகர் பணியிடம் உண்டு. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் சாவி வைத்திருக்கும் டீச்சர் போதுமா?

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "இதெல்லாம் நடக்குமா மேடம்?"

டீச்சர் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் கதையைச் சொன்னார். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன வேகத்தில் வேலை பிடிக்காமல், பழைய வேலையையே கொடுங்கள் என்று கேட்டவர்! அப்புறம் அதிலேயே ஊறிப்போனார். 1930-ல் பொது நூலகங்களுக்கு ஒரு மாதிரிச் சட்ட வரைவு எழுதினார். சென்னை மாகாணத்தில் அது சட்டமானது 1948-ல்தான். பதினெட்டு வருடம்! சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டம் கொண்டுவந்ததுதான். அந்தப் பணம் பொது நூலகங்களுக்குப் போகிறது. பள்ளி பீரோ அந்தக் கணக்கில் வராது.

"அப்ப நீங்க 82 வயசு வரைக்கும் வருவீங்களா?" என்று சிரித்தார் உதவியாளர்.

"முட்டி ஒத்துழைச்சா வருவேன்" என்றார் டீச்சர். நகலில் ஒப்புகைக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு வேலை பார்த்தவர் அல்லவா!

லஸ்ஸில் இன்னும் மூன்று ஜெராக்ஸ் எடுத்தார். முதல் பிரதி தி.நகர் எம்.எல்.ஏ.வுக்கு. பஸ் வர நேரமாகும் போலிருந்தது. மனுவின் கடைசி வரியில் 'பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, 'சட்டமன்றத்தில் பேச வேண்டுகிறேன்' என்று எழுதினார்.