ஒரு நாளில் கொச்சி

என் தந்தையார் 45 ஆண்டுகள் கொத்து வேலை செய்தவர். சுவர் எழுப்புவதைக் காட்டிலும் தளம் பாவுவதில் அவருக்குப் பெயர் மிகுதி. கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் பாவிய தளங்கள் பல. அவருக்குத் தொழில் கற்பித்த மேஸ்திரி இளமையில் சில காலம் கொச்சியில் வேலை பார்த்தவராம். "நாம் பாவுகிற தளத்தின்மேல் எல்லாரும் நடப்பார்கள், ஒருவரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். கொச்சியிலே ஒரு தளம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள்" என்று அவர் சொல்வாராம். அத்தளத்தை ஒரு முறை கண்ணால் காணவேண்டும் என்பது தந்தையாரின் நெடுநாள் விருப்பம்.

மேஸ்திரி சொன்னது மட்டாஞ்சேரியில் உள்ள யூதர் தொழுகைக்கூடத்தின் தளம். கோயம்புத்தூரிலிருந்து எறணாகுளத்திற்கு ரயில் வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுதான். விடியுமுன் புறப்பட்டால் காலையில் போய்ச் சேரலாம். இரவே வீடு திரும்பலாம். "இவ்வளவு அருகில் உள்ள ஊருக்குத் திட்டம் எதற்கு?" என்று நான் எண்ணினேன். அந்த எண்ணம் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது.

நான் பள்ளி ஆசிரியன். ஆகையால் விடுமுறை நாளான சனிக்கிழமையன்று தந்தையாரை அழைத்துச் சென்றேன். பார்க்கவேண்டியவை என்று பதினோர் இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். படகிலிருந்து இறங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினோம். தேவாலயங்கள் இரண்டு, பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று, கடற்கரை, கடைத்தெருக்கள் என எல்லாவற்றையும் கண்டோம். பார்த்து முடித்த ஒவ்வொன்றையும் தாளில் கோடிட்டு அடித்தேன். யூதர் தொழுகைக்கூடத்தைக் கடைசியில் நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். மாலை நான்கு மணிக்கு அங்கே சென்றபோது கதவு சாத்தியிருந்தது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். அன்று பார்வையாளர்க்கு இடமில்லை. அதை நான் முன்பே உசாவி அறிந்திருக்கவில்லை.

தந்தையார் மூடிய கதவின் முன் சிறிது நேரம் நின்றார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்து, "பழைய சுவர், நல்ல சுவர்" என்றார். திரும்பும்போது ரயிலில் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று நான் பதினோர் இடங்களில் ஒன்பதைப் பார்த்தேன். அவர் பார்க்க வந்தது ஒன்று. அதை அவர் பார்க்கவில்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. தந்தையாருக்கு 74 வயது நிறைந்தது. முழங்கால் வலி மிகுந்து, நெடுந்தொலைவு நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனியும் காலம் தாழ்த்தினால் அந்தத் தளத்தை அவர் காணவே முடியாது என்னும் அச்சம் எனக்கு உண்டாயிற்று. "அப்பா, இன்னொரு முறை கொச்சிக்குப் போய் வரலாம்" என்றேன். "கால் இடம் கொடுக்குமா, தம்பி?" என்றார் அவர். "கால் இடம் கொடுக்கும்படியாகத் திட்டம் போடுவோம்" என்றேன்.

மீண்டும் தாளை எடுத்து உட்கார்ந்தேன். இம்முறையும் படகுத்துறையிலிருந்தே எழுதத் தொடங்கினேன். தந்தையார் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தளம் பாவும்போது அறையின் நடுவைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். வெட்டித் துண்டாக்கிய கல் ஓரத்துக்குப் போய்விடும், கண்ணில் படாது. கதவோரத்தில் தொடங்கி மனம் போனபடி பாவிக்கொண்டு போனால், குறை எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது." என் முதல் பயணத்தின் குற்றம் அப்போது எனக்கு விளங்கிற்று. தாளைத் திருப்பி, அதன் நடுவில் 'தொழுகைக்கூடம்' என்று எழுதினேன். மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்கத் தொடங்கினேன்.

முதலில் நாளைத் தேர்ந்தோம். தொழுகைக்கூடத்திற்குச் சனிக்கிழமை ஆகாது. அதன் அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் பண்டிகை நாள்களிலும் கூடம் மூடப்படும். சூன் முதல் செப்டம்பர் வரை அப்பகுதியில் பருவமழை கடுமையானது. இவற்றையெல்லாம் கழித்து, சனவரித் திங்களில் ஒரு புதன்கிழமையைக் குறித்தோம். அன்றைக்கு நான் பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

அடுத்து இடங்களைத் தேர்ந்தோம். பதினொன்று மூன்றாகக் குறைந்தது: தொழுகைக்கூடம், அதன் அருகே உள்ள அரண்மனை, மாலையில் கடற்கரையில் சீன வலைகள். முதன்மையானது முற்பகலில் வரவேண்டும் என்று முடிவு செய்தோம். கூடம் நண்பகலில் சிறிது நேரம் மூடப்படுமாதலால், அந்த நேரத்தை உணவுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கினோம். நடக்கவேண்டிய தொலைவை ஆட்டோவில் கடப்பது என்றும், ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து இளைப்பாற நேரம் விடுவது என்றும் எழுதிக்கொண்டோம்.

புறப்படுவதற்கு முன் பத்து நாள்கள், ஊர் நூலகத்திலிருந்து நூல்களைக் கொணர்ந்து மாலைதோறும் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். பார்க்கப் போகும் ஊரின் கதையை அறிந்து செல்பவனுக்குக் கண் இரண்டு மடங்கு கூர்மை பெறும். சங்க நூல்கள் புகழும் சேரர் துறைமுகமாகிய முசிறி, கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் கழிமுகத்தில் விளங்கியது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. அதனால் பழைய துறைமுகம் தூர்ந்தது என்றும், தெற்கே கொச்சியில் கடல்வாய் அகன்று கப்பல்கள் வரத் தகுந்த துறை அமைந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மிளகை நாடி அராபியரும் சீனரும் அங்கு வந்தனர். 1500-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1663-இல் டச்சுக்காரர் அவர்களிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை வென்றனர். இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோட காமா 1524-ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்ததும் கொச்சியில்தான். அவர் உடல் அங்குள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் போர்ச்சுக்கல் நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. இதைப் படித்தபோது தந்தையார், "ஒரு மிளகுக் கொடிக்கா இத்தனை சண்டை!" என்று வியந்தார்.

குறித்த நாளில் விடியுமுன் ரயில் ஏறினோம். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்ததும் பொழுது புலர்ந்தது. எறணாகுளத்தில் இறங்கிப் படகுத்துறைக்குச் சென்றோம். சாலை வழியாகவும் போகலாம். ஆயினும் கொச்சிக்குக் கடல் வழியே போவதுதான் முறை என்று தந்தையார் சொன்னார். படகு உப்பங்கழியைக் கிழித்துச் சென்றது. நடுவே வில்லிங்டன் தீவு தெரிந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1920-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய துறைமுகப் பணியில், கடலடியிலிருந்து தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி அமைத்த தீவு அது என்று சொன்னேன். "கடலையே குழியாகத் தோண்டிக் கடலுக்குள்ளேயே திண்ணை கட்டியிருக்கிறான்!" என்று தந்தையார் தம் தொழில் மொழியில் அதை விளக்கிக்கொண்டார்.

கோட்டைப் பகுதியில் இறங்கியதும், வழியில் எதையும் பாராமல், ஆட்டோவில் நேரே மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். குறுகிய அத்தெரு முழுவதும் சுக்கும் ஏலமும் மிளகும் மணந்தன. தெருவின் கோடியில் 1760-இல் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் நின்றது. இம்முறை கதவு திறந்திருந்தது.

'பரதேசி யூதர் தொழுகைக்கூடம்' என்பது அதன் பெயர். பரதேசி என்றால் இரவலர் என்று நாம் இன்று பொருள் கொள்கிறோம். பிற தேசத்திலிருந்து வந்தவர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். அவ்வாறு வந்த யூதர்கள் 1568-இல் இக்கூடத்தைக் கட்டினார்கள். அதற்கு இடம் தந்தவர் கொச்சி மன்னர். அரண்மனைக் கோயிலும் இக்கூடமும் அருகருகே நிற்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. அவற்றைக் கொச்சி யூதர்கள் போற்றிக் காத்து வந்தனர். 1948-இல் இசுரேல் நாடு அமைந்த பிறகு பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். மக்கள் போய்விட்டனர், கூடம் நிற்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தோம். மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள் தொங்கின. நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார்கள். தந்தையார் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். வெண்மையும் நீலமுமான பீங்கான் ஓடுகள்! சீன நாட்டில் செய்யப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவை. அச்சில் பதித்த படங்கள் அல்ல. ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. ஆகையால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

தந்தையார் ஓர் ஓரத்து இருக்கையில் அமர்ந்தார். அரை மணி நேரம் பேசவேயில்லை. பின்பு மெல்லக் குனிந்து, இரண்டு ஓடுகள் சேரும் இடத்தை விரலால் தடவினார். "படம் எழுதியவனை எல்லாரும் புகழ்வார்கள். பாவியவனையும் நினைக்கவேண்டும், தம்பி. இத்தனை பேர் நடந்தும் தளம் நிற்கிறது பார்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எழுப்பவேண்டிய தேவையும் இல்லை. அந்த நேரத்தை நாங்கள் முன்பே ஒதுக்கி வைத்திருந்தோம்.

உணவும் ஓய்வும் முடிந்தபின் அரண்மனையைப் பார்த்தோம். 1555-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது அது. பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்தமையால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்றது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. மாலையில் கடற்கரைக்கு வந்து சீன வலைகளின் எதிரே அமர்ந்தோம். பெரிய மரச்சட்டங்களில் கட்டிய வலையைச் சிலர் கூடி நீரில் இறக்கினர். சிறிது நேரங்கழித்துத் தூக்கினர். கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கற்கள் தாழத்தாழ வலை மேலெழுந்தது. "கல்லின் எடை பாதி வேலையைச் செய்துவிடுகிறது" என்று தந்தையார் எனக்கு அதன் நுட்பத்தை விளக்கினார். அன்று காலையில் நான் ஆசிரியன், மாலையில் மாணவன்.

புனித பிரான்சிஸ் தேவாலயம் அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் இருந்தது. நேரமும் சிறிது இருந்தது. "போகலாமா, அப்பா?" என்று கேட்டேன். அவர் கடலை நோக்கியபடியே, "வேண்டாம். சென்ற முறை அங்கே ஓடினோமே தவிர, பார்க்கவில்லை. அடுத்த முறை அதை நடுவில் வைத்துத் திட்டம் போடு" என்றார்.

மாணவர்களே! நீங்களும் ஒரு நாள் ஒரு பழைய நகரைக் காணச் செல்வீர்கள். எத்தனை இடங்கள் என்று எண்ணாதீர்கள். எது நடு என்று முதலில் கேளுங்கள். உடன் வருபவரின் காலையும் கருத்தையும் அறிந்து நாளை வகுங்கள். கதவு திறந்திருக்குமா என்று உசாவிச் செல்லுங்கள். காணாமல் விட்டவை அங்கேயே இருக்கும். அவற்றைக் காண மீண்டும் செல்லலாம். 'அடுத்த முறை' என்று என் தந்தையார் சொன்ன அச்சொல்லே அன்றைய பயணத்தில் நான் பெற்ற பெரும்பேறு.